லட்ச ரூபாய் கிராபிக்ஸ் கார்டு: யாருக்குக் கட்டுபடியாகும்?

2025 ஜனவரி 30 அன்று விற்பனைக்கு வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டுக்கு இந்தியாவில் அறிவிக்கப்பட்ட தொடக்க விலை 2,14,000 ரூபாய். அதே வரிசையில் அடுத்த படியான 5080க்கு 1,07,000 ரூபாய், 5070 டிஐக்கு 80,000, 5070க்கு 59,000. இவை நிறுவனம் அறிவித்த அடிப்படை விலைகள். ஆசுஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட், ஜோட்டாக் போன்றவை தங்கள் விசிறியையும் உறையையும் பூட்டி விற்கும் கார்டுகளுக்குக் கடையில் இதற்கு மேல்தான் கேட்பார்கள். 5090 வந்த முதல் சில மாதங்களில் அறிவித்த விலைக்கு அது கிடைத்ததே அரிது. ஈரோடு பக்கம் பெருந்துறையில் ஒரு புதிய மோட்டார் சைக்கிளை ரொக்கமாக எடுக்கும் பணம், கணினிக்குள் போகும் ஒரு பாகத்துக்கு மட்டும் செலவாகிறது. அது யாருக்குத் திரும்பி வரும், யாருக்கு வராது என்பதை இந்த அத்தியாயம் கணக்குப் போட்டுப் பார்க்கிறது.

விலை இவ்வளவு ஏறியது எப்படி

ஜிஃபோர்ஸ் வரிசையின் உச்சக் கார்டாக 2017 மார்ச்சில் வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ 699 டாலர். 2020இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3090 1,499 டாலர், 2022 அக்டோபரில் வந்த 4090 1,599 டாலர், 5090 1,999 டாலர். எட்டே ஆண்டுகளில் உச்சிப் படியின் விலை கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்களில் போகும் சிப்புகளும் இதே நிறுவனத்தின் சரக்குதான். அங்கே கிடைக்கும் லாபத்துக்கு முன்னால் வீட்டுக் கணினிக்கான கார்டு அதற்குச் சின்ன வியாபாரம். போட்டியும் இல்லை. ஏஎம்டி 2025 மார்ச்சில் கொண்டுவந்த ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி 599 டாலர் கார்டு. நடுத்தரச் சந்தையைப் பிடிக்க வந்த அது உச்சிப் படிக்குப் போகவே இல்லை. 2025இன் கடைசியில் மெமரி சிப்புகளின் விலை கடுமையாக ஏறியதால், கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்கும் என்று காத்திருந்தவர்களின் கணக்கும் தப்பியது.

அமெரிக்க விலையோடு ஒப்பிட்டு இந்திய விலையைக் கொள்ளை என்று சொல்வது வழக்கம். 1,999 டாலரில் அங்குள்ள விற்பனை வரி சேராது. ஒரு டாலர் ஏறத்தாழ 86 ரூபாயாக இருந்த அந்த ஜனவரியில் அது 1,72,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தால் 2,03,000. இடைவெளியில் பெரும்பகுதி வரிதான். அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மச்சானிடம் சொல்லி வாங்கிவரச் செய்தால் பெரிதாக மிச்சமாகும் என்ற நினைப்பும் இதனால் அடிபடுகிறது. வரியின்றிக் கொண்டுவரக்கூடிய வரம்பை இந்த மதிப்பு எளிதில் தாண்டிவிடும். வாரன்டியும் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும்.

மானிட்டரிலிருந்து தொடங்குவது

விளையாட்டுக்காக வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது மேசைமேல் இருக்கும் மானிட்டரை. 1080பி திரையில் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். கார்டு ஒவ்வொரு நொடியும் இத்தனை புள்ளிகளைப் பல பத்து முறை, சில நேரம் நூற்றுக்கணக்கான முறை வரைந்து அனுப்புகிறது. திரை சிறிதாக இருந்தால் பெரிய கார்டு தன் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு, அடுத்த படத்துக்கான தகவலை பிராசசர் தரும்வரை சும்மா நிற்கும். 4கே திரையில் 5080ஐவிட ஏறத்தாழ 50 சதவீதம் வேகமாக ஓடும் 5090, 1080பி திரையில் அந்த முன்னிலையில் பெரும்பகுதியை இழப்பது இதனால்தான். ஐந்து வருடம் பழைய பிராசசரும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரும் வைத்திருப்பவர் இரண்டு லட்சம் போட்டால், பணத்தின் பெரும்பங்கு கேபினட்டுக்குள் தூங்கும்.

எந்த விளையாட்டு என்பதும் கணக்கில் சேரும். கல்லூரி விடுதிகளில் பலரும் ஆடும் வேலரன்ட் விளையாட்டுக்கு, நொடிக்கு 144 படங்கள் கிடைக்க 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போதும் என்று அதை உருவாக்கிய ரயட் நிறுவனமே குறிப்பிட்டிருந்தது. சைபர்பங்க் 2077 போன்ற விளையாட்டை ஒளிக்கதிர்க் கணக்கீடு முழுவதையும் திறந்துவிட்டு 4கே திரையில் ஆட நினைப்பவருக்கு மட்டுமே உச்சிக் கார்டு தன் வேறுபாட்டைக் காட்டும். அப்படி ஆடுபவர்கள் உண்டு. ஆசைக்கு வாங்குவதில் தவறும் இல்லை. அதை முதலீடு என்று வீட்டில் சொல்லிச் சமாளிப்பதில்தான் சிக்கல்.

விளம்பரத்தில் வரும் எண்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். 2025 ஜனவரியில் லாஸ் வேகஸில் நடந்த சிஇஎஸ் கண்காட்சியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் 5070 கார்டு 4090இன் திறனைத் தரும் என்றார். செயற்கை நுண்ணறிவின் துணையோடு என்பதையும் சேர்த்தே சொன்னார், கேட்டவர்கள் மனதில் நின்றதோ முதல் பாதி. கார்டு மெய்யாக வரையும் ஒரு படத்துக்குப் பின்னால், கணித்து உருவாக்கிய மூன்று படங்கள் வரை சொருகும் வசதியைக் கொண்டு வந்த எண் அது. திரையில் அசைவு வழுவழுப்பாகத் தெரியும். ஆனால் மவுஸை அசைத்த கைக்கு விளையாட்டு பதில் சொல்லும் வேகம், மெய்யாக வரைந்த படங்களைப் பொறுத்தே இருக்கும். அடிப்படை வேகம் நொடிக்கு 25 படமாக இருக்கும்போது இந்த வசதியைப் போட்டால் எண் 100 காட்டும், கைக்கு மட்டும் மந்தம் தெரியும். ஏற்கெனவே 60, 70 படம் வரும் கணினியில் இது நல்ல வசதி. ஆகவே மதிப்பீடுகளைப் படிக்கும்போது, படம் சொருகும் வசதியை அணைத்து எடுத்த எண்ணை மட்டும் ஒப்பிடுவது முறை.

அந்த எண்களின்படி 5090, தனக்கு முந்தைய 4090ஐவிட 4கே திரையில் ஏறத்தாழ 30 சதவீதம் வேகம். ஏற்கெனவே 4090 வைத்திருப்பவர் மாற்றுவதற்கு இது போதிய காரணம் ஆகாது. 5070 டிஐயிலிருந்து 5080க்கு ஏற 27,000 ரூபாய் கூடுதல், அதாவது விலையில் மூன்றில் ஒரு பங்கு. கிடைக்கும் வேகமோ 15 சதவீத அளவு. இரண்டிலும் மெமரி அதே 16 ஜிபி. கூடுதலாகப் போடும் பணத்துக்குக் குறைவாகவே திருப்பித் தரும் படி இது.

தொழிலுக்கு வாங்குபவர்

பெருந்துறை சிப்காட்டிலும் திருப்பூரிலும் துணி டிசைன் செய்பவர்களின் மேசையில் பெரும்பாலும் ஓடுவது கோரல்டிராவும் போட்டோஷாப்பும். இவை ரேமையும் பிராசசரையும் நம்பி நடப்பவை. பெரிய பிரிண்ட் டிசைன் திறக்கத் திணறினால் 16 ஜிபி ரேமை 64 ஆக்குவதும் நல்ல எஸ்எஸ்டி போடுவதும் முதல் மருந்து. சென்னிமலைப் போர்வைக்கு ஜக்கார்டு டிசைன் போடும் கணினிக்கும் இதே கதைதான். முப்பரிமாணத்தில் ஆடையை உடல்மேல் போர்த்திக் காட்டும் குளோ 3டி போன்ற மென்பொருள் வேறு வகை. துணி விழும் விதத்தைக் கார்டிலேயே கணக்கிடும் வசதி அதில் இருக்கிறது. சாம்பிள் தைத்து அனுப்புவதற்குப் பதிலாக வெளிநாட்டு வாங்குபவருக்குப் படமாகக் காட்டும் ஏற்றுமதி நிறுவனத்துக்கு நல்ல கார்டு பயன்படும், அங்கும் நடுத்தரக் கார்டில் தொடங்குவதே போதும். கோவையில் பம்ப், வார்ப்படத் தொழிற்கூடங்களில் ஓடும் ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் ஆகியவை பெரும்பாலும் பிராசசரின் ஒற்றைக் கோரின் வேகத்தைப் பிடித்துத் தொங்குபவை. விளையாட்டுக் கார்டில் இரண்டு லட்சம் போடுவது அந்த மேசைக்குத் தேவையற்றது. டேலி மட்டும் ஓடும் அலுவலகக் கணினிக்குத் தனிக் கார்டே வேண்டாம். அப்படியும் சிலர் விற்றுவிடுகிறார்கள்.

கல்யாண வீடியோ எடிட்டர்களின் கணக்கு கொஞ்சம் நுணுக்கமானது. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வரும்போது ஒரே வாரத்தில் நான்கைந்து கல்யாணத்தின் 4கே காட்சிகள் வந்து குவியும். இப்போதைய கேமராக்கள் பலவும் 10 பிட் 4:2:2 என்ற முறையில் பதிவு செய்கின்றன. இந்த முறையை நேரடியாகப் பிரித்துக் காட்டும் திறன் என்விடியாவின் முந்தைய கார்டுகளில் இல்லை. லட்சத்து ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கிய 4090இலும் இல்லை. 50 வரிசையில்தான் வந்தது, அதில் மலிவான 5060இலும் இருக்கிறது. டைம்லைனில் காட்சி தடங்கித் தடங்கி ஓடுவதுதான் தொல்லை என்றால், புதிய சின்னக் கார்டு பழைய பெரிய கார்டை முந்திவிடும். காட்சி எச்இவிசி முறையில் பதிவாகியிருந்தால் இன்டெல்லின் 11ஆம் தலைமுறைக்குப் பிந்தைய, உள்ளமைந்த கிராபிக்ஸ் கொண்ட பிராசசரே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். பயாஸில் அதை முடக்கி வைத்துவிட்டுக் கார்டு தேடி அலைபவர்கள் பலர்.

ஏற்றுமதி, அதாவது முடிந்த வீடியோவைக் கோப்பாக்கும் நேரம் குறையும் என்பதும் கார்டு வாங்கச் சொல்லும் காரணம். இரவு ஓடவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும் வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்தாலும் நான்கு மணி நேரத்தில் முடிந்தாலும் வருமானத்தில் மாற்றம் இல்லை. ஆள் எதிரில் உட்கார்ந்து காத்திருக்கும் நேரம்தான் காசு. டாவின்சி ரிசால்வில் நிறத் திருத்தமும் இரைச்சல் நீக்கமும் நிறையச் செய்பவர், பிளெண்டரில் முப்பரிமாணக் காட்சிகளை ரெண்டர் செய்பவர் ஆகியோருக்கு அப்படிக் காத்திருக்கும் நேரம் அதிகம். பிளெண்டரில் கார்டின் வேகம் கூடும் அளவுக்கு ரெண்டர் நேரம் கிட்டத்தட்ட அப்படியே குறையும். உச்சிக் கார்டு தன் விலையை உழைத்துத் திருப்பித் தரும் இடங்களில் இது முக்கியமானது.

ஜிஎஸ்டி பதிவு உள்ள நிறுவனத்துக்கு இன்னொரு அனுகூலம் உண்டு. 1,07,000 ரூபாய்க் கார்டில் 16,322 ரூபாய் வரி. தொழிலுக்காக வாங்கினால் அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். தொகுப்புத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. வருமான வரிக் கணக்கில் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானம் காட்டலாம், வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதி. பில்லில் நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண் இல்லாமல் வாங்கிவிட்டு மார்ச் மாதம் ஆடிட்டரிடம் போய் நிற்பதில் பயன் இல்லை.

செயற்கை நுண்ணறிவு கற்பவர்

கொங்கு பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் படிக்கும் மாணவர்கள் இப்போது கார்டு கேட்பதற்குச் சொல்லும் முதல் காரணம் இதுதான். இங்கே வேகத்துக்கு முன்னால் மெமரி வருகிறது. மாதிரி முழுவதும் கார்டின் மெமரிக்குள் அடங்கினால் ஓடும், அடங்காவிட்டால் தவழும். 800 கோடி அளவுருக்கள் கொண்ட ஒரு மொழி மாதிரி சுருக்காத நிலையில், அதாவது 16 பிட்டில், 16 ஜிபி பிடிக்கும். 4 பிட்டாகச் சுருக்கினால் ஏறத்தாழ 5 ஜிபி. 7,000 கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரியோ 4 பிட்டாகச் சுருக்கிய பிறகும் 35 ஜிபிக்கு மேல் கேட்கும். 32 ஜிபி உள்ள 5090இலும் அது முழுதாக அடங்காது. இரண்டு லட்சம் போட்டும் எட்டாத கிளை ஒன்று இருக்கிறது என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

இதே காரணத்தால், 12 ஜிபி உள்ள 5070ஐவிட அதற்குக் கீழ்ப்படியில் இருக்கும் 16 ஜிபி 5060 டிஐ ஒரு மாணவருக்குக் கூடுதலாக உதவும். அமெரிக்காவில் அதன் அறிமுக விலை 429 டாலர்தான். வேகம் குறைவு, ஆனால் சிறிய மாதிரியைத் தனக்கேற்பப் பயிற்றுவிக்கும் பயிற்சிகளை அதில் செய்து பார்க்கலாம். 8 ஜிபியிலும் அதே பெயரில் ஒரு கார்டு விற்கப்படுகிறது, பெட்டியைப் பார்த்து வாங்க வேண்டும்.

வாங்காமலும் படிக்கலாம். கூகுள் கோலாப் 16 ஜிபி மெமரி உள்ள டி4 கார்டை நேர வரம்போடு இலவசமாகத் தருகிறது. 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை 10,300 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி ஒப்புதல் தந்த இந்தியா ஏஐ திட்டத்தின்கீழ், ஆய்வாளர்களுக்கும் தொடக்க நிறுவனங்களுக்கும் பெரிய கார்டுகள் மணிக்கு 100 ரூபாய்க்கும் குறைவான வாடகைக்குக் கிடைக்கின்றன. மணிக்கு முழு 100 ரூபாய் என்றே வைத்தாலும் 2,14,000 ரூபாய்க்கு 2,140 மணி நேரம் ஆகிறது. நாளுக்கு நான்கு மணி நேரம், ஒரு நாள் விடாமல், ஒன்றரை ஆண்டுக்கும் கொஞ்சம் குறைவு. இதற்கு மேல் மெய்யாகவே ஓட்டுபவர்தான் சொந்தக் கார்டைப் பற்றி யோசிக்க வேண்டும். வாடிக்கையாளரின் தரவை வெளியே அனுப்பக் கூடாத மருத்துவ, சட்ட வேலை செய்பவர்கள் விதிவிலக்கு.

கரன்ட், யுபிஎஸ், வெயில்

கார்டின் விலையோடு செலவு நிற்பதில்லை. 5090 முழுச் சுமையில் 575 வாட் இழுக்கும், நிறுவனம் 1000 வாட் எஸ்எம்பிஎஸ் போடச் சொல்கிறது. 5080க்கு 360 வாட்டும் 850 வாட் எஸ்எம்பிஎஸும், 5070க்கு 250 வாட்டும் 650 வாட் எஸ்எம்பிஎஸும். 5060 டிஐ 180 வாட்டில் அடங்கும். 575க்கும் 180க்கும் உள்ள இடைவெளி 395 வாட். நாளுக்கு நான்கு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டினால் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 95 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாக வரும் 100 யூனிட்டை, இந்தக் கார்டின் கூடுதல் பசி மட்டுமே கிட்டத்தட்டத் தீர்த்துவிடும். ஏசியும் ஓடும் வீட்டில் இந்த 95 யூனிட் சேர்ந்து கணக்கு 500ஐத் தாண்டினால், மேல் படியின் கட்டணம் வந்து சேரும்.

இந்த வட்டார வீடுகளில் இருக்கும் இன்வெர்ட்டர் பெரும்பாலும் 900 விஏ அளவு, அதாவது 700 வாட்டுக்கு உட்பட்டது. உச்சிக் கார்டோடு பிராசசரும் மானிட்டரும் சேர்ந்து 800 வாட் இழுக்கும் கணினியை அது தாங்காது. கரன்ட் போன நொடியில் சுமை கூடி இன்வெர்ட்டரே விழுந்துவிடும். கடையில் கணினியோடு சேர்த்துத் தரும் 600 விஏ யுபிஎஸ் 360 வாட்டோடு சரி. ஆகவே உச்சிக் கார்டு என்றால் தனியாக 1500 விஏ அளவிலாவது யுபிஎஸ் ஒன்றும் பட்ஜெட்டில் வர வேண்டும்.

ஈரோடு மாவட்டத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. கார்டு இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகவே இறங்கும். ஒரு டன் ஏசி வெளியேற்றும் வெப்பம் ஏறத்தாழ 3,500 வாட். 800 வாட் கணினி அதில் நாலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஓட்டு வீட்டு மாடியிலோ தகரக் கூரை ஸ்டூடியோவிலோ ஏசி இல்லாமல் இப்படிப்பட்ட கார்டை வைத்தால், சூடு ஏறியதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேல் படிக்குக் கொடுத்த காசு கோடை மாதங்களில் ஆவியாகும். விசைத்தறிக் கூடத்துக்குப் பக்கத்தில் அலுவலகம் இருந்தால் பஞ்சுத் தூசி விசிறிகளை அடைத்துவிடும். மாதம் ஒருமுறை கேபினட்டைத் திறந்து ஊதித் துடைக்க வேண்டும்.

பழைய கார்டும் கடையில் பார்க்க வேண்டியதும்

2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்ற மின்னணு நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதோடு கார்டு வைத்து அந்த நாணயம் எடுக்கும் தொழில் முடிந்தது. அந்தத் தொழிலில் இரவும் பகலும் ஓடிய கார்டுகள் செகண்ட்ஹேண்ட் சந்தைக்கு வந்தன. 3090 அவற்றில் ஒன்று. 24 ஜிபி மெமரி இருப்பதால், 16 ஜிபி மட்டுமே உள்ள புதிய 5080ஐவிட அது இன்றும் செயற்கை நுண்ணறிவு வேலைக்கு ஏற்றது. ஆனால் வாரன்டி முடிந்திருக்கும், மெமரி சிப்புகள் வெந்திருக்கக் கூடும். கண்ணெதிரே அரை மணி நேரமாவது முழுச் சுமையில் ஓட்டிக் காட்டாமல் எந்தப் பழைய கார்டுக்கும் பணம் கொடுக்கக் கூடாது.

புதிய கார்டிலும் சோதனை உண்டு. 2025 பிப்ரவரியில், 5090, 5070 டிஐ கார்டுகளில் ஏறத்தாழ 0.5 சதவீதம் ஒரு உற்பத்திக் குறையோடு வெளியேறியதை என்விடியாவே ஒப்புக்கொண்டு, கார்டைத் தயாரித்த நிறுவனத்திடம் மாற்றிக்கொள்ளச் சொன்னது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் ஆர்ஓபி எண்ணிக்கை 5090க்கு 176, 5070 டிஐக்கு 96 காட்ட வேண்டும். மின்இணைப்பையும் கவனிக்க வேண்டும். 4090 வந்த 2022 அக்டோபரிலேயே அதன் 12 வோல்ட் இணைப்பான் உருகிய செய்திகள் வந்தன. பிறகு திருத்தி அமைக்கப்பட்ட இணைப்பானின் வரம்பு 600 வாட், 5090 இழுப்பது 575. இடைவெளி குறைவு என்பதால், சொருகி முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்பதை விரலால் தடவிப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். தனியாக அடாப்டர் போட்டு ஒப்பேற்றக் கூடாது. மூன்று ஸ்லாட் அளவுக்கு மேல் தடித்த கார்டுகளுக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். கேபினட்டின் உள் நீளத்தை அளந்துகொண்டே கடைக்குப் போவது நல்லது.

வாரன்டி பெரும்பாலும் மூன்று ஆண்டு. கார்டு பழுதானால் ஈரோட்டுக் கடைக்காரர் அதைக் கோவைக்கோ சென்னைக்கோ அனுப்புவார், திரும்பி வரச் சில வாரங்கள் ஆகலாம். அந்த வாரங்களில் வேலை நிற்கக் கூடாத ஸ்டூடியோவுக்கு, ஒரு 5090க்குப் பதிலாக இரண்டு கணினிகளில் இரண்டு 5070 டிஐ வாங்குவது மலிவும் பாதுகாப்பும் ஆகும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், கார்டின் சீரியல் எண் அச்சிட்ட ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்கி, பெட்டியில் உள்ள எண்ணோடு ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.